சும்மாடு

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
டோக்கன் முப்பத்தொன்று.
அஞ்சாலாட்சி, ஐம்பத்திரண்டு, சோத்திக்குப்பம்.
சீட்டில் டாக்டர் எழுதியது: நெஞ்சு ஒன்று, கழுத்து இரண்டு.
அவள் சொன்னது:
"கை மரத்துப்போவுதும்மா. சில்லறை எண்ண முடியல."

தோட்டைக் கழற்றித் தந்தாள்.
மூக்குத்தி வரவில்லை,
சதையோடு சேர்ந்து எத்தனையோ வருஷம்.
"அது கெடக்கட்டும், படத்துல அழகா வுழும்."

பலகையை ஒட்டி நில்லுங்க.
மூச்சை இழுங்க. பிடிங்க.
இழுத்தாள்.
வாளிக் கைப்பிடி தூக்கினதுபோல்
எழும்பி நின்றன பன்னிரண்டு சோடி விலா.
ஏழு சோடி நெஞ்செலும்பை நேராய்த் தொடும்.
மூன்று, ரேஷன் வரிசைபோல
முன்னால் நிற்பதன் தோளைப் பிடித்துக்கொண்டு போகும்.
கடைசி இரண்டு முன்பக்கம் எதையும் பிடிப்பதில்லை.
முதுகை நம்பிப் பாதியில் நிற்கும்.
விடட்டுமா என்று கண்ணால் கேட்டாள்.
நான் பொத்தானை மறந்திருந்தேன்.

பிறகு கழுத்து.
திரையில் மெதுவாகத் தெளிந்தது.
மண்டையோடு. அதற்கடியில் முதல் முள்ளெலும்பு.
மற்றதற்கெல்லாம் திரண்ட உடல் உண்டு,
இதற்கு இல்லை. வெறும் வளையம்.
பழம்புடவைக் கிழிசலைச் சுருட்டி
உச்சியில் அவள் வைக்கிறாளே, அதே வளையம்.
கூடைக்கும் மண்டைக்கும் நடுவில் துணி,
மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் எலும்பு.
படிக்கும்போது இதற்கு ஒரு கிரேக்கப் பேர் சொன்னார்கள்,
பெரும்பாரம் சுமந்தவன் பேராம்.
அவனுக்குச் சும்மாடு இருந்ததா
என்று பாடத்தில் இல்லை.

இந்த வளையத்தின்மேல் மண்டை முன்னும் பின்னும் அசைந்தால்
ஆமாம்.
இரண்டாம் எலும்பில் திருகைக்கல்லைப்போல ஒரு முளை.
வளையம் அதைச் சுற்றித் திரும்பினால்
இல்லை.

கீழே வந்தேன்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இடைவெளி போய்விட்டது.
ஓரத்தில் எலும்பு சின்னதாய்க் கொம்பு விட்டிருக்கிறது.
கைக்குப் போகும் நரம்பு அந்த வாசலில்தான் குனிந்து வரவேண்டும்.
சில்லறை சிக்கிக்கொண்ட இடம்.

எட்டிப் பார்த்தாள். வரக்கூடாத பக்கம் வந்து.
"இது என் நடுமுள்ளா?"
ஆமா.
"வஞ்சிரத்துக்கு நேரா ஓடும், ஈர்க்குச்சி மாதிரி."
அதுக்குப் பாரமில்லையே, தண்ணி தாங்கிக்கும்.
நமக்கு நின்னு நடக்க
கழுத்துல முன்னால, முதுகுல பின்னால, இடுப்புல முன்னாலன்னு
வளைஞ்சு வளைஞ்சு போகணும்.
உங்க கழுத்துல மட்டும் அந்த வளைவு நிமிர்ந்துபோச்சு.
"அப்ப மீனாத்தான் ஆவறேன்னு சொல்லு"
என்று சிரித்தாள். இருமினாள்.

தொண்டையருகே லாடம்போல் ஒன்று தனியாய் நின்றது.
வேறெந்த எலும்போடும் மூட்டுப் போடாத எலும்பு.
நகம் வைத்து, "இது?"
நாக்கோட வேர் அதுலதான் இருக்கு. கூவுறதுக்கு.
"தேயலையே?"
இல்ல.
"போதும்."

தோட்டைத் திரும்பத் தந்தேன்.
அவள் விரல்களில் திருகாணி நிற்கவில்லை,
இரண்டு தடவை தரையில் உருண்டது.
நானே பூட்டிவிட்டேன்.
காதுக்குள்ளே, அரிசிக்குருணைபோல மூன்று எலும்பு.
என் படத்தில் விழாது.
அவ்வளவு கிட்டத்திலிருந்து சொன்னேன்:
இனிமே தலையில பாரம் ஏத்தாதீங்க. டாக்டரும் அதத்தான் சொல்வாரு.

அந்த மூன்றும் அதிர்ந்திருக்கும்.
அவள் தலை அசைந்தது.
முன்னும் பின்னும் அல்ல, திருகைபோல் சுற்றியும் அல்ல.
தோள்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, மறுதோள் பக்கம் கொஞ்சம்.
முதலெலும்பும் சொல்லாதது, இரண்டாவதும் சொல்லாதது.
கீழிருக்கும் எலும்புகள் கூடிச் செய்வது.

கதவுக்கு வெளியே பெஞ்சின்கீழ்
சங்கரா வாசனையோடு கூடை,
அதற்குள் சுருட்டிய துணி.
நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.
திரையின் ஓரத்தில் இன்னும்
ஒரு வெள்ளைப் புள்ளி, மூக்குத்தி.